யூஎம்எல், பிபிஎம்என், ஆர்க்கிமேட்: எதைக் கற்பது, எதை எதற்கு வரைவது?

கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வழங்கும் மென்பொருளைப் புதிதாக எழுதத் தொடங்குகிறார்கள். வடிவமைப்பு முழுவதையும் யூஎம்எல் (மென்பொருள் வடிவமைப்பை வரைவதற்கான குறியீட்டு மொழி) படங்களாகத் தர வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். நிறுவனக் கட்டமைப்பைக் கவனிக்கும் குழு, அந்தக் கட்டமைப்பை வரைவதற்கான ஆர்க்கிமேட் மொழியில் கேட்கிறது. செயல்முறைகளை ஆராய வந்த ஆலோசகர், அவற்றை வரைவதற்கான பிபிஎம்என் என்கிறார். கூட வேலை செய்யும் மூத்த நிரலாளர்களோ யூஎம்எல் காலாவதியாகிவிட்டது, வெள்ளைப் பலகையில் நாலு பெட்டி போட்டுப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். எதைக் கற்பது என்றுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் ஐயம் வேறு என்று நினைக்கிறேன். விதிகள் வகுக்கப்பட்ட ஒரு குறியீட்டு மொழியில் வரைவதால், வெறும் பெட்டியும் கோடும் தராத எதாவது கிடைக்கிறதா என்பதே அது.

கிடைக்கிறது, ஆனால் எல்லாப் படங்களிலும் இல்லை. நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: வரைந்த படம் தவறாக இருக்க முடியுமா? ஒரு பெட்டியில் ‘கடன் சேவை’ என்றும் இன்னொன்றில் ‘வாடிக்கையாளர் சேவை’ என்றும் எழுதி நடுவே ஒரு கோடு இழுத்தால் அதை யாராலும் மறுக்க முடியாது. இரண்டுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கத்தானே செய்யும். யார் யாரை அழைக்கிறார், அழைத்தவர் பதிலுக்குக் காத்திருக்கிறாரா, தரவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எதையும் அந்தக் கோடு சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாத படத்தில் பிழையும் இருக்காது. அதனாலேயே கூட்டத்தில் எல்லோரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு பொருள் கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். வேறுபாடு சோதனைக் கட்டத்தில்தான் தெரிய வருகிறது. ஒரு குறியீட்டு மொழி இந்த வேறுபாட்டை வரையும்போதே வெளியே கொண்டுவர உதவினால் அதைக் கற்கலாம். உதவாத இடத்தில் பெட்டியும் கோடுமே போதும். என் அனுபவம் வங்கி, காப்பீடு ஆகிய துறைகளின் மென்பொருளோடு நிற்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விமானம், கார், மருத்துவக் கருவி ஆகியவற்றுக்கு எழுதுபவர்கள் சிஸ்எம்எல் போன்ற மொழிகளோடு வேறு கட்டாயங்களில் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பதில் அப்படியே பொருந்தாது.

யூஎம்எல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் அதன் பலமும் பலவீனமும் புரியும். 1990-களின் தொடக்கத்தில் ஆப்ஜெக்ட் அடிப்படையிலான வடிவமைப்புக்குப் பல குறியீட்டு முறைகள் போட்டியிட்டன. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவார் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் தத்தம் முறைகளோடு ரேஷனல் என்ற ஒரே நிறுவனத்துக்குள் வந்து சேர்ந்தபின் அவை ஒன்றாக இணைக்கப்பட்டன. 1997-இல் ஓஎம்ஜி என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு அதைத் தரநிலையாக ஏற்றது. 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பு மொழியைப் பெரிதாக்கியது. இன்று அதில் 14 வகைப் படங்கள் உண்டு. பல முறைகளைச் சமரசம் செய்து கட்டிய மொழி என்பதால் எல்லோருக்கும் வேண்டியது ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. அந்த 14-லும் தேர்ச்சி பெற வேண்டியவர் யாரும் உங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டார். நிறுவன மென்பொருளுக்கு கிளாஸ் வரைபடம் (கருத்துகளும் அவற்றின் உறவுகளும்), சீக்வென்ஸ் வரைபடம் (யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார்), ஸ்டேட் வரைபடம் (ஒரு பொருள் கடந்துபோகும் நிலைகள்) ஆகிய மூன்றையும் நன்றாகக் கற்றால் போதும் என்பது என் கருத்து.

கிளாஸ் வரைபடத்தை நிரலின் படமாக எண்ண வேண்டாம். ஜாவா வகுப்புகளை அப்படியே படமாக்கினால் நிரலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் இன்னொரு முறை பார்ப்பீர்கள். அது உதவுவது வணிகக் கருத்துகளை வரையும்போது. கணக்கு, வாடிக்கையாளர் என்ற இரண்டு பெட்டிகளை இணைக்கும் கோட்டின் முனையில் 1 என்று எழுதுகிறீர்களா, 1..* (ஒன்று அல்லது அதற்கு மேல்) என்று எழுதுகிறீர்களா என்பதில் ஒரு வணிக விதி அடங்கியிருக்கிறது. 1 என்று எழுதிவிட்டுக் கிளை மேலாளரிடம் காட்டினால், “கூட்டுக் கணக்கு இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்?” என்று ஒரு நிமிடத்தில் கேட்டுவிடுவார். உத்தரவாதம் கொடுப்பவரும் வாடிக்கையாளர்தானா, ஒருவரே ஒரு கடனில் கடன் பெற்றவராகவும் இன்னொன்றில் உத்தரவாதியாகவும் இருக்கலாமா என்ற அடுத்த கேள்விகளும் அதே கோட்டில் தொங்கிக்கொண்டிருப்பவை. தரவுத்தளம் கட்டிய பின் இவற்றை மாற்றுவது எவ்வளவு செலவு என்பது உங்களுக்கே தெரியும். நேர்மையாகச் சொன்னால் இந்த வேலையை தரவுகளையும் அவற்றின் உறவுகளையும் காட்ட பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த ஈஆர் வரைபடமும் செய்துவிடும். உங்கள் குழு அதில் பழகியிருந்தால் மாற்ற வேண்டிய தேவை இல்லை.

ஸ்டேட் வரைபடத்தை மூன்றிலும் முதலாவதாக வைப்பேன். நடைமுறையில் மிகக் குறைவாக வரையப்படுவதும் அதுதான். கடன் விண்ணப்பம் பெறப்பட்டது, சரிபார்ப்பில் உள்ளது, ஒப்புதல் பெற்றது, தொகை விடுவிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்று நிலைகளை எழுதி, எந்த நிகழ்வு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்று அம்பு இழுத்தால், வரைந்த அம்புகளைவிட வரையாத அம்புகள் அதிகம் பேசும். ஒப்புதல் பெற்ற பின் வாடிக்கையாளர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமா? தொகை விடுவிக்கும் கட்டளை போய்விட்டது, வங்கியிலிருந்து உறுதி வரவில்லை. அந்த இடைவெளிக்கு ஒரு நிலை உண்டா? எல்லா நிலைகளையும் நெடுவாக்கிலும் எல்லா நிகழ்வுகளையும் கிடைவாக்கிலும் எழுதி, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விடை கேட்டால் விடுபட்டவை தாமாகத் தெரியும். இந்தக் குறியீட்டுக்கு அடித்தளம் டேவிட் ஹாரெல் 1987-இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட். அதன் பொருள் வரையறை யூஎம்எல்லின் மற்ற பல பகுதிகளைவிட இறுக்கமானது, அதனால் படத்திலிருந்தே சோதனைகளை எழுத முடிகிறது.

சீக்வென்ஸ் வரைபடம் எல்லோருக்கும் பழக்கமானது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். நிரப்பிய அம்புமுனை பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்பைக் குறிக்கும். திறந்த அம்புமுனை காத்திருக்காத செய்தியைக் குறிக்கும். இந்த வேறுபாட்டைக் கைதவறி மாற்றிப் போட்டால் படம் வேறொரு அமைப்பைச் சொல்கிறது. இரண்டாவது, எல்லாம் நல்லபடியாக நடக்கும் வழியை மட்டும் வரைவது வீண். அதை எல்லோரும் ஊகித்துக்கொள்வார்கள். கிரெடிட் மதிப்பெண் தரும் வெளிச்சேவை பதில் தராமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு படம் வரையுங்கள், அது பத்துப் பக்க ஆவணத்துக்கு ஈடாகும்.

யூஎம்எல்லே தெளிவில்லாமல் விட்டுவைத்த இடங்களும் உண்டு. கிளாஸ் வரைபடத்தில் வெற்று வைரக்குறி போடுகிறார்களே, அது பகுதி–முழுமை உறவைக் குறிப்பது. ஆனால் அதன் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, வரைபவருக்கு வரைபவர் மாறும் என்று தரநிலை ஆவணமே சொல்கிறது. மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரம்பாவே அதை மருந்தில்லா மாத்திரை என்ற பொருள்பட பிளாசிபோ என்று குறிப்பிட்டிருக்கிறார். நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை. நிரப்பிய வைரக்குறிக்கு ஓரளவு உறுதியான பொருள் உண்டு: விண்ணப்பத்தை அழித்தால் அதன் உட்பிரிவுகளும் அழியும். அப்படி அழியக் கூடாது என்றால் அந்தக் குறியைப் போடக் கூடாது.

பிபிஎம்என்னுக்கு வருவோம். 2004-இல் முதல் பதிப்பு வந்தது. 2011-இல் ஓஎம்ஜி வெளியிட்ட 2.0 பதிப்புதான் இன்று புழக்கத்தில் உள்ளது. 2013-இல் அது ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஆனது. பார்ப்பதற்கு ஃப்ளோசார்ட் போல இருக்கும், அதுதான் அதன் ஆபத்து. உள்ளே அது டோக்கன்களின் கணக்கு, அதாவது வேலை இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் கற்பனை வில்லைகளின் கணக்கு. ஒரு செயல்முறை தொடங்கும்போது ஒரு டோக்கன் பிறக்கிறது. கூட்டல் குறியிட்ட வைரம் அதைப் பலவாகப் பெருக்கி எல்லா வழிகளிலும் அனுப்பும். பெருக்கல் குறியிட்ட வைரம் ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும். உங்கள் கடன் செயல்முறையில் ஆவணச் சரிபார்ப்பும் கிரெடிட் மதிப்பெண் சோதனையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று கூட்டல் வைரத்தில் பிரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டல் வைரத்தில் சேர்த்தால் இரண்டும் முடியும்வரை காத்திருந்து ஒரு டோக்கன் வெளியே வரும். பெருக்கல் வைரத்தில் சேர்த்தால் வருகிற ஒவ்வொரு டோக்கனும் காத்திராமல் கடந்து போகும், அடுத்த பணி இரண்டு முறை நடக்கும். அந்தப் பணி ‘தொகையை விடுவி’ என்பதாக இருந்தால் விளைவை விளக்க வேண்டியதில்லை. தலைகீழாக, பெருக்கல் வைரத்தில் பிரித்துக் கூட்டல் வைரத்தில் சேர்த்தால், வராத டோக்கனுக்காகச் செயல்முறை என்றென்றும் காத்துக் கிடக்கும்.

இதில் பலரும் அறியாத ஒரு பொறி இருக்கிறது. வைரமே போடாமல் இரண்டு அம்புகளை நேரே ஒரு பணிப் பெட்டிக்குள் விட்டால் என்ன பொருள்? பிபிஎம்என்னில் ஒவ்வொரு டோக்கனுக்கும் அந்தப் பணி ஒருமுறை நடக்கும். செயல்முறைகளை வரைய யூஎம்எல் 2-இல் உள்ள ஆக்டிவிட்டி வரைபடத்திலோ இரண்டு அம்புகளிலும் டோக்கன் வந்த பிறகே பணி தொடங்கும். இரண்டு தரநிலைகளையும் வெளியிடுவது ஒரே ஓஎம்ஜி. படம் கிட்டத்தட்ட ஒன்று. பொருள் நேர் எதிர். ஆகவே ஒரே திட்டத்தில் இரண்டையும் கலந்து செயல்முறைகளை வரையாதீர்கள், எதை எடுத்தாலும் சேரும் இடத்தில் வைரத்தையோ அதற்கான குறியையோ வெளிப்படையாகப் போடுங்கள். ஆக்டிவிட்டி வரைபடத்தை நான் உங்களுக்குப் பரிந்துரைக்காததன் காரணமும் இதுதான்.

இது சாதாரணமானவர்கள் மட்டும் செய்யும் பிழை என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷேரின் குழு எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து 1992-இல் ஈபிசி என்ற செயல்முறைக் குறியீட்டை உருவாக்கியது. அந்நிறுவனத்தின் வணிக மென்பொருளான ஆர்/3-இன் மாதிரிச் செயல்முறைகள் அந்த மொழியில்தான் வெளியாயின. பின்னாளில், 2006-இல், யான் மெண்ட்லிங்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் அந்த 604 மாதிரிகளைக் கணிப்பொறியின் துணையோடு சோதித்தபோது குறைந்தது 34-இல் இத்தகைய கட்டமைப்புப் பிழைகள் இருந்தன. துறை வல்லுநர்கள் வரைந்து, உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்ட மாதிரிகள் அவை. இதை நான் ஊக்கம் தரும் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்: கண்ணால் பிடிக்க முடியாததைக் கருவி பிடித்தது, ஏனென்றால் குறிகளுக்குப் பொருள் இருந்தது. பிபிஎம்என் 2.0 படத்தை எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் சேமித்து, செயல்முறைகளை இயக்கும் கமுண்டா, ஃப்ளோவபிள் போன்ற மென்பொருள்களில் நேரடியாக ஓட்ட முடிகிறது என்பது இன்னொரு லாபம். படமும் நிரலும் வெவ்வேறாகப் பிரிந்து போவதற்கு அங்கே வாய்ப்புக் குறைவு. ஆனால் ஓட்டுவதற்கென்று எழுதிய படத்தில் மறுமுயற்சி, காலக்கெடு, பிழைக் கையாளல் எல்லாம் சேர்ந்து, கிளை அலுவலருக்குக் காட்ட முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். இரண்டு தேவைக்கும் ஒரே படம் போதும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

ஆர்க்கிமேட் வேறு உயரத்தில் நின்று பார்க்கும் மொழி. நெதர்லாந்தில் 2002 முதல் 2004 வரை நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் பிறந்தது. பிறகு ஓப்பன் குரூப் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு அதைப் பொறுப்பேற்று 2009-இல் முதல் பதிப்பைத் தரநிலையாக வெளியிட்டது. வணிகம், பயன்பாடு, தொழில்நுட்பம் என்ற அடுக்குகளுக்கு இடையிலான சார்புகளைச் சொல்வதே அதன் வேலை. ஒரு பழைய சர்வரை நிறுத்தினால் அதில் ஓடும் எந்தெந்த மென்பொருள்கள் நிற்கும், அவற்றை நம்பியிருக்கும் எந்த வணிகச் சேவை பாதிக்கப்படும் என்ற கேள்விக்கு அதில் பதில் தேடலாம். இடையில் உள்ள உறவுகளைத் தாண்டி முனையிலிருந்து முனைக்கு ஓர் உறவை வருவிக்கும் விதிகளும் மொழியிலேயே உண்டு. ஒரே ஒரு கடன் மென்பொருளின் உள் வடிவமைப்புக்கு அது பயன்படாது, அதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை. கட்டமைப்புக் குழு கேட்டால், உங்கள் மென்பொருள் எந்தச் சேவைகளைத் தருகிறது, எவற்றைச் சார்ந்திருக்கிறது என்ற ஒரு பக்கத்தை மட்டும் கொடுங்கள். இலவசமான ஆர்ச்சி கருவியில் ஒரு பிற்பகலில் வரைந்துவிடலாம். மஞ்சள், நீலம், பச்சை வண்ணங்களுக்கு அடுக்குப் பொருள் உண்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது வழக்கம்தான், தரநிலை வண்ணங்களுக்குப் பொருள் எதையும் விதிக்கவில்லை. உங்கள் நிறுவனம் வேறு வண்ணம் வைத்திருந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

யூஎம்எல் செத்துவிட்டதா என்பதற்கு உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மரியன் பெட்ரே 2013-இல் வெளியிட்ட ஆய்வில் நேர்காணல் செய்த 50 மென்பொருள் வல்லுநர்களில் 35 பேர் அதைப் பயன்படுத்தவே இல்லை. 11 பேர் வேண்டிய இடத்தில் வேண்டிய படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முழுமனதோடு எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியவர் ஒருவரும் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் ஸ்டுடியோ 2017-இலிருந்து யூஎம்எல் வரையும் வசதிகளை எடுத்துவிட்டது. படத்திலிருந்தே முழு மென்பொருளையும் உருவாக்கலாம் என்று ஓஎம்ஜி 2001-இல் எம்டிஏ என்ற பெயரில் முன்வைத்த கனவு, நிறுவன மென்பொருளில் பரவலாக நிறைவேறவில்லை. இவை உறுதி. ஆனால் இவற்றிலிருந்து வரைவதே வீண் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. எரிக் அரிஸ்ஹோல்மும் லயனெல் பிரியாண்டும் மற்றவர்களும் 2006-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், யூஎம்எல் ஆவணம் கையில் இருந்தவர்கள் சிக்கலான மாற்றங்களை அதிகச் சரியாகச் செய்தார்கள். ஆனால் ஆவணத்தைத் திருத்தும் நேரத்தையும் சேர்த்தால் நேரம் மிச்சமாகவில்லை. பங்கேற்றவர்கள் மாணவர்கள், எடுத்துக்கொண்ட நிரல்கள் சிறியவை. அதை வைத்துப் பல ஆண்டு ஓடும் ஒரு வங்கி மென்பொருளைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்பது விவாதத்துக்குரியது. சரியாக வரும், சீக்கிரம் வராது என்ற அந்த முடிவு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போவதாலேயே அதை அதிகம் நம்பிவிடக் கூடாது என்றும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

படம் பழசாகிவிடும் என்ற உங்கள் மூத்தவர்களின் புகார் நியாயமானது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. படங்களை வரிகளாக எழுதும் பிளான்ட்யூஎம்எல் அல்லது மெர்மெய்டைப் பயன்படுத்தி நிரலோடு அதே களஞ்சியத்தில் வைத்தால், நிரலை மாற்றும் அதே கமிட்டில் (மாற்றப் பதிவில்) படமும் மாறும், மறுபார்வை செய்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப் 2022 முதல் மெர்மெய்டு படங்களை நேரடியாகக் காட்டுகிறது. பெட்டிகள் எங்கே அமரும் என்பது உங்கள் கையில் இருக்காது, பெரிய படங்கள் சிக்கிய நூல்கண்டு போல வரும். படத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ள அது ஒரு நல்ல தண்டனை. இன்னொரு வழி, அடிக்கடி மாறுவதை வரையாமலே இருப்பது. அமைப்பின் மேலோட்டத்துக்கு சைமன் பிரவுனின் சி4 முறையில் முதல் இரண்டு நிலைகள் போதும்: யார் பயன்படுத்துகிறார்கள், எந்த வெளி அமைப்புகளோடு பேசுகிறது என்பது ஒன்று, உள்ளே தனித்தனியாக ஓடும் பகுதிகள் எவை என்பது இன்னொன்று. அது கறாரான மொழி இல்லை, ஆனால் ஒவ்வொரு கோட்டிலும் என்ன போகிறது, எந்த நெறிமுறையில் போகிறது என்று எழுதச் சொல்வதால், நான் முதலில் சொன்ன வெற்றுக்கோட்டின் நோய் அதில் குறைவு.

ஆகவே மேலாளரிடம் ‘எல்லாவற்றையும்’ என்பதை மட்டும் மறுத்துப் பேசுங்கள். சி4 முறையில் இரண்டு படங்கள், வணிகக் கருத்துகளுக்கு ஒரு கிளாஸ் வரைபடம், கடன் விண்ணப்பத்துக்கும் கடன் கணக்குக்கும் ஒவ்வொரு ஸ்டேட் வரைபடம், வெளிச்சேவைகள் பதில் தராத நேரத்துக்கான சீக்வென்ஸ் வரைபடங்கள், பல துறைகள் கைமாற்றும் செயல்முறைக்கு பிபிஎம்என், கட்டமைப்புக் குழுவுக்கு ஆர்க்கிமேட்டில் ஒரு பக்கம் என்று பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் யார் படித்துத் தவறு சொல்லப் போகிறார் என்று பக்கத்தில் அவர் பதவியையும் எழுதுங்கள். படிப்பவர் பெயர் கிடைக்காத படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கற்பதைப் பொறுத்தவரை, யூஎம்எல் 2.5.1 தரநிலை ஏறத்தாழ 800 பக்கம், பிபிஎம்என் 500 பக்கத்துக்கு மேல். இரண்டும் ஓஎம்ஜி தளத்தில் இலவசம். முழுவதும் படிக்க முயல வேண்டாம். ஸ்டேட் வரைபடம் பற்றிய இயலும், பிபிஎம்என்னில் கேட்வேக்கள், அதாவது மேலே சொன்ன வைரங்கள், பற்றிய பகுதியும் மட்டும் மூலத்திலேயே படிக்கத் தகுந்தவை, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.